கோப்பியின் ஆதாபுகள்: யெமன் ஸாவியாவிலிருந்து எங்கட காலை வரை

நாம் ‘கோப்பி’ என்கிறோம். தமிழ்நாட்டவர் ‘காப்பி’ என்கிறார்கள். அரபியில் அது ‘கஹ்வா’. கஹ்வா துருக்கியில் ‘கஹ்வே’ ஆகி, ஐரோப்பாவுக்குப் போய், டச்சு வாயில் ‘கொஃபி’ ஆனது. அந்த டச்சுச் சொல்லுக்கு மிக நெருங்கிய உறவுதான் எங்கட ‘கோப்பி’. அரபுச் சொல் ஒன்று அரை உலகத்தைச் சுற்றிவிட்டு, அரபிகள் ஏற்கனவே வந்து குடியேறியிருந்த ஒரு தீவுக்குப் பறங்கிக் கப்பலில் வந்து இறங்கியிருக்கிறது. இந்தப் பயணத்தில் சொல்லின் உச்சரிப்பு மட்டும் மாறவில்லை. அந்தப் பானத்தோடு சேர்ந்திருந்த ஆதாபுகளும் வழியில் கழன்று விழுந்துவிட்டன. இக்கட்டுரை அவற்றைப் பற்றியது.

இப்போது காலைக் கோப்பியை ‘மன ஒருமையோடு’ குடிக்கச் சொல்லித் தருபவர்கள் பெருகிவிட்டார்கள். கைபேசியைத் தூர வையுங்கள், கோப்பையின் சூட்டைக் கையில் உணருங்கள், மணத்தைக் கவனியுங்கள், மெதுவாக மிடறு மிடறாகக் குடியுங்கள் என்கிறார்கள். நல்ல ஆலோசனைதான், தப்பொன்றும் இல்லை. ஆனால் இதை நேற்றுக் கண்டுபிடித்த புதுமைபோலச் சொல்லும்போது, வரலாறு தெரிந்தவனுக்குச் சிரிப்பு வரும். கோப்பி என்ற பானத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நம்பகமான செய்திகளே, அதை மனதை ஒன்றுதிரட்டுவதற்காகக் குடித்த மனிதர்களைப் பற்றியவை. அவர்கள் யெமன் நாட்டு ஸூபிகள்.

ஆட்டிடையன் கதை

கோப்பியின் தொடக்கம் என்றதும் பலரும் சொல்வது அபிசீனிய ஆட்டிடையன் கதை. ஆடுகள் ஏதோ ஒரு செடியின் பழங்களைத் தின்றுவிட்டு ராவெல்லாம் துள்ளினவாம். அதைப் பார்த்த இடையன் துறவிகளிடம் போய்ச் சொன்னானாம். இந்தக் கதை எழுத்தில் வருவது 1671 இல், ரோம் நகரில் பவுஸ்துஸ் நைரோன் என்பவர் இலத்தீனில் வெளியிட்ட ஒரு சிறு நூலில். அதாவது, யெமனில் கோப்பி பரவி ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்குப் பிறகு. இடையனுக்குச் சூட்டப்பட்ட ‘கல்தி’ என்ற பெயர் அதற்கும் பிந்தியது. கோப்பிச் செடியின் தாய்நிலம் எத்தியோப்பிய மலைநாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் செடி வேறு, பானம் வேறு. அந்தப் பானத்தை ஒரு முறையாக, ஒரு வழக்கமாக ஆக்கியவர்களின் பெயர்களை அரபு நூல்கள் பதிந்து வைத்திருக்கின்றன.

அந்நூல்களில் முதன்மையானது, 16 ஆம் நூற்றாண்டில் அப்துல் காதிர் அல்ஜஸீரி எழுதிய ‘உம்ததுஸ் ஸஃப்வா ஃபீ ஹில்லில் கஹ்வா’. கோப்பி ஹலால் என்று நிறுவுவதற்காகவே எழுதப்பட்ட நூல் இது. தமக்கு முன் எழுதிய இப்னு அப்தில் கஃப்பார் என்பவரின் செய்திகளை ஜஸீரி அதில் எடுத்துத் தந்திருக்கிறார். 1985 இல் ரால்ஃப் ஹாட்டொக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் கோப்பியையும் கோப்பிக் கடைகளையும் பற்றி எழுதிய ஆங்கில நூலுக்கும் ஜஸீரிதான் பெரிய ஆதாரம்.

ஏடனின் ஆலிம், மொக்காவின் ஷெய்கு

இப்னு அப்தில் கஃப்பார் தரும் செய்தி இது. ஹிஜ்ரி 10 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்துக்கு ஒரு தகவல் வந்தது: யெமனில் ‘கஹ்வா’ என்றொரு பானம் பரவியிருக்கிறது, ஸூபி ஷெய்குமார் திக்ரில் விழித்திருப்பதற்காக அதைக் குடிக்கிறார்கள் என்று. யார் இதைத் தொடங்கினார் என்று விசாரித்தபோது ஏடன் நகரத்து ஆலிம் ஜமாலுத்தீன் முஹம்மத் இப்னு ஸஈத் அத்தப்ஹானியின் பெயர் சொல்லப்பட்டது. அவர் சாதாரண ஆள் அல்லர். ஏடனில் வெளியாகும் பத்வாக்கள் சரியா பிழையா என்று பார்த்து ஒப்பமிடும் பொறுப்பில் இருந்தவர். ஆப்பிரிக்கக் கரையில் சிலகாலம் தங்கியபோது அங்கே மக்கள் கோப்பி பாவிப்பதைக் கண்டார். ஏடனுக்குத் திரும்பி நோயுற்றபோது அது ஞாபகம் வந்தது. குடித்துப் பார்த்தார்; சோர்வு போனது, உடம்பு இலேசானது, தூக்கம் விலகியது. பின்பு தஸவ்வுஃபில் ஈடுபட்டபோது அவரும் தோழர்களும் அதையே துணையாகக் கொண்டார்கள். அவர் வபாத்தானது ஹிஜ்ரி 875 இல், கி.பி. 1470-71.

இன்னொரு மரபு மொக்காத் துறைமுகத்து ஷெய்கு அலீ இப்னு உமர் அஷ்ஷாதுலியைச் சொல்கிறது. அவர் 1418 இல் வபாத்தானவர். ஆனால் அவர் காலத்துப் பானம் ‘காத்’ இலையில் காய்ச்சப்பட்டது என்றும், ஏடனில் காத் கிடைக்காமல் போன காலத்தில் ‘புன்’ என்ற கோப்பிக் கொட்டையைப் பாவிக்கச் சொன்னவர் தப்ஹானி என்றும் ஜஸீரியின் நூலிலேயே ஒரு விளக்கம் வருகிறது. இரண்டு பெயர்களையும் இப்படிச் சேர்த்து வாசித்தால் முரண்பாடு பெரிதாகத் தெரியாது. மொக்கா மக்கள் ஷெய்கு ஷாதுலியையே தம் ஊரின் காவலராகக் கொண்டாடினார்கள். அல்ஜீரியாவில் கோப்பிக்கே ‘ஷாதுலிய்யா’ என்று பெயர் வழங்கியது. கொழும்பிலும் பேருவளையிலும் ஷாதுலிய்யா ஸாவியாக்களில் உட்கார்ந்து ஹழ்ரா நடத்தும் நம்மவர்கள், தங்கள் தரீக்காவின் பெயர் ஒரு காலத்தில் ஒரு கோப்பைப் பானத்துக்கும் பெயராக இருந்தது என்பதை அறிந்தால் ஆச்சரியப்படுவார்கள்.

சிவப்பு மண் பாத்திரம்

கோப்பி எப்படிக் குடிக்கப்பட்டது என்பதுதான் நமக்கு மிக முக்கியம். கெய்ரோவில் அல்அஸ்ஹரின் யெமன் மாணவர்கள் பகுதியில் நடந்ததை இப்னு அப்தில் கஃப்பார் வர்ணித்திருக்கிறார். ஒவ்வொரு திங்கள் இரவும் வெள்ளி இரவும் அவர்கள் கூடுவார்கள். வெள்ளி இரவு என்றால் எங்கட ஊர்க் கணக்குத்தான்: வியாழன் மஃரிபோடு தொடங்கும் ராவு. சிவப்பு மண்ணால் செய்த பெரிய பாத்திரத்தில் கோப்பி வைக்கப்பட்டிருக்கும். அவர்களின் தலைவர் ஒரு சின்ன அகப்பையால் அதை அள்ளி வலப்புறமாகக் கொடுத்துக்கொண்டு வருவார். ஒருவர் பின் ஒருவராகக் குடிக்கும்போது எல்லோரும் சேர்ந்து ‘லாஇலாஹ இல்லல்லாஹுல் மலிகுல் ஹக்குல் முபீன்’ என்று ஓதிக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தைப் பார்க்க வந்த பொதுமக்களுக்கும் பங்கு உண்டு.

இந்தச் சிறு காட்சியில் என்னவெல்லாம் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். குறித்த ஒரு நேரம் இருக்கிறது. நினைத்த நேரத்தில் குடிக்கிற காரியம் இல்லை. ஒரே பாத்திரம்; பணக்காரனுக்கு ஒன்று, ஏழைக்கு இன்னொன்று என்ற பிரிவு இல்லை. வலப்புறமாகக் கொடுப்பது நபிவழி. அள்ளுவது சின்ன அகப்பை. ஆகவே அளவு மட்டாக இருந்தது. நாவுக்குக் கோப்பியின் கைப்பும் கலிமாவும் ஒன்றாகவே கிடைத்தன. இன்றைய ஆலோசகர்கள் பத்துக் குறிப்புகளாக எழுதுவதை அந்த மாணவர்கள் எழுதாமல் செய்து வைத்திருந்தார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. இன்று கவனத்தைக் கோப்பையின் மேலேயே வைக்கச் சொல்கிறார்கள். அவர்களுக்குக் கோப்பை ஒரு படி மட்டுமே. கவனம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

ஹழ்ரமௌத்தில் இதற்கென்று ஒரு ராத்திபே ஏற்பட்டது. கோப்பி குடிக்கும் சபையில் ‘யா கவிய்யு’ என்று 116 தடவை ஓதுவார்கள். ஏன் 116? அப்ஜத் கணக்கில் பாருங்கள். ‘கவீ’ என்ற திருநாமத்தில் காஃப் 100, வாவ் 6, யா 10, கூட்டினால் 116. ‘கஹ்வா’வில் காஃப் 100, ஹா 5, வாவ் 6, ஹா 5, அதுவும் 116. வல்லவனின் திருநாமமும் உடம்புக்கு வலுத் தரும் பானமும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. இதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். எண்களில் ஹிக்மத்தைத் தேடுவது எல்லோருக்கும் உடன்பாடான வழியுமல்ல. ஆனால் நோக்கம் விளங்குகிறது: வலு கோப்பியிலிருந்து வருவதில்லை, அது யாரிடமிருந்து வருகிறது என்பதை ஒவ்வொரு தடவையும் நினைவில் கொள் என்பதுதான்.

மக்காவில் ஒரு விசாரணை, கெய்ரோவில் ஒரு சோதனை

ஹிஜ்ரி 917 ரபீஉல் அவ்வல், அதாவது 1511 ஜூன். மக்காவின் முஹ்தஸிபாக மம்லூக் அதிகாரி காயிர் பேக் இருந்தார். ஓர் இரவு ஸம்ஸம் அருந்திவிட்டு வீடு திரும்பும்போது, ஹரம் பள்ளியின் ஒரு பக்கத்தில் விளக்குகளோடு சிலர் கூடியிருப்பதைக் கண்டார். இவர் நெருங்கியதும் அவர்கள் விளக்கை அணைத்தார்கள். மௌலிதுக்காகக் கூடியிருக்கிறோம் என்றார்கள். கையில் என்ன என்று கேட்டால் கஹ்வா என்றார்கள். மது அருந்துகிறவர்களைப் போல ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் கோப்பை போய்வந்துகொண்டிருந்தது.

அடுத்த நாளே உலமாக்களின் சபை கூட்டப்பட்டது. கூடிக் குடிப்பதில் நடக்கும் முறைகேடுகள் கூடாது என்பதில் சபை ஒத்துப்போனது. பானமே ஹராமா என்ற கேள்வியில் அவர்கள் தயங்கி, அது உடலுக்குக் கெடுதியா என்று வைத்தியர்களைக் கேட்க வேண்டும் என்றார்கள். பாரசீக வைத்தியச் சகோதரர்கள் இருவர் வந்து, இது குளிர்ச்சியும் வறட்சியும் கொண்டது, உடம்பின் சமநிலையைக் கெடுக்கும் என்று சாட்சி சொன்னார்கள். தடை பறைசாற்றப்பட்டது. கோப்பிக் கொட்டைகள் தெருவில் கொளுத்தப்பட்டன. விற்றவர்களுக்கும் குடித்தவர்களுக்கும் அடி விழுந்தது. ஆனால் கெய்ரோவிலிருந்து சுல்தான் கான்ஸூஹ் அல்கவ்ரியின் பதில் வந்தபோது காயிர் பேக் எதிர்பார்த்தது அதில் இருக்கவில்லை. பகிரங்கக் கூட்டங்களில் நடக்கும் முறைகேட்டைத் தடுக்கச் சொன்னாரே தவிர, பானத்தை முற்றாகத் தடைசெய்ய சுல்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் காயிர் பேக்கின் பதவியும் போனது.

கெய்ரோவிலும் அமைதி நிலைக்கவில்லை. ஹிஜ்ரி 941 இல் (1534-35) அஹ்மத் இப்னு அப்தில் ஹக் அஸ்ஸுன்பாதி என்ற பிரசங்கி கோப்பி ஹராம் என்று முழங்கினார். கேட்டவர்கள் எழுந்துபோய்க் கோப்பிக் கடைகளைத் தாக்கினார்கள், பாத்திரங்களை உடைத்தார்கள், உள்ளே இருந்தவர்களை அடித்தார்கள். விவகாரம் ஹனஃபி காழி முஹம்மத் இப்னு இல்யாஸிடம் வந்தது. அவர் உலமாக்களைக் கலந்தார். அத்தோடு நிற்கவில்லை. தம் வீட்டிலேயே கோப்பி காய்ச்சச் சொல்லி, ஒரு கூட்டத்தாரைக் குடிக்க வைத்து, பகலின் பெரும்பகுதி அவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். யாருக்காவது புத்தி தடுமாறுகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகுதான் ஆகுமென்று தீர்ப்புச் சொன்னார்.

கோப்பியின் வரலாற்றில் இந்தக் காழியின் வீட்டு முற்றத்தைவிட முக்கியமான இடம் குறைவு. ஒரு பக்கம் மிம்பரில் கோபம், தெருவில் தடி. மறு பக்கம் ஒரு பானையும் சில மனிதர்களும் பொறுமையாகக் கழிந்த ஒரு பகலும். மார்க்கத்தில் ஒரு புதிய விஷயம் வரும்போது அதை எப்படி விசாரிப்பது என்பதற்கு இரண்டு வழிகளும் நமது வரலாற்றிலேயே இருக்கின்றன. இன்று ஒரு ஊரில் ஒரு ராத்திபுக்காக, ஒரு மௌலிதுக்காகப் பள்ளியே இரண்டாகிற காலத்தில், இதில் எந்த வழியை நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று கேட்கத்தான் வேண்டும்.

ஷாபிஈ மத்ஹபின் உலமாக்கள் இத்தகைய விஷயங்களை அளந்த கோல் ஒன்று உண்டு: வழிகளுக்கு, அவை போய்ச் சேரும் நோக்கங்களின் சட்டமே பொருந்தும். நல்லதற்கு உதவினால் நல்லது, வீணுக்கு உதவினால் வீண், பாவத்துக்கு உதவினால் பாவம். அந்தக் கோலின்படி இரண்டு பேர் ஒரே கோப்பையிலிருந்து குடிக்கலாம். இருவரின் ஏட்டிலும் எழுதப்படுவது ஒன்றாக இருக்காது.

ராவிலிருந்து காலைக்கு

ஸாவியாவை விட்டு வெளியேறிய கோப்பி கடைவீதிக்கு வந்தது. 16 ஆம் நூற்றாண்டின் நடுவில் அலெப்போக்காரர் ஒருவரும் டமஸ்கஸ்காரர் ஒருவரும் இஸ்தான்பூலில் கோப்பிக் கடை திறந்ததாக உஸ்மானிய வரலாற்றாசிரியர் பெச்சவி எழுதியிருக்கிறார். அங்கே புத்தகம் வாசித்தவர்களும் இருந்தார்கள், சதுரங்கம் ஆடியவர்களும் இருந்தார்கள், அரசைக் குறைசொன்னவர்களும் இருந்தார்கள். அதனால்தான் 1633 இல் சுல்தான் நான்காம் முராத் அவற்றை மூடினார். நாளடைவில் தஹஜ்ஜுதுக்கு விழிக்க வைத்த பானம் காலையில் கண் திறக்க வைக்கும் பானமாயிற்று. துருக்கியில் காலை உணவுக்கு ‘கஹ்வால்தி’ என்று பெயர். கோப்பிக்கு அடியில் போடுவது, அதாவது வெறும் வயிற்றில் கோப்பி இறங்காதிருக்க முன்னதாக உண்பது என்று பொருள். உணவுக்குத் துணையாகப் பானம் போய், பானத்துக்குத் துணையாக உணவு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை இலங்கையில் இருந்துகொண்டு மறக்க முடியாது. யெமனின் மொக்காத் துறையைச் சார்ந்திருக்க விரும்பாத ஐரோப்பியக் கம்பனிகள் செடியைக் கொண்டுபோய் ஜாவாவிலும் கரீபியன் தீவுகளிலும் நட்டன. கரீபியனில் அதைப் பறித்தவை அடிமைகளின் கைகள். இலங்கைக்குக் கோப்பிச் செடியைப் போர்த்துக்கேயருக்கு முன்பே அரபிகள் கொண்டுவந்துவிட்டார்கள் என்று 1859 இல் எமர்சன் டெனன்ட் எழுதினார். அதன் கொட்டையில் பானம் காய்ச்சச் சிங்கள மக்கள் அறிந்திருக்கவில்லை, தளிர் இலையைக் கறிக்கும் பூவை வழிபாட்டுக்கும் பயன்படுத்தினார்கள் என்பதும் அவர் கூற்று. ஆங்கிலேயர் காலத்தில், 1820களிலிருந்து மலைநாட்டில் பெருந்தோட்டங்கள் எழுந்தன. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர் வழியிலேயே பசியிலும் கொள்ளைநோயிலும் மடிந்தார்கள். கண்டிக் கிராமத் தோட்டங்களில் விளைந்த நாட்டுக் கோப்பியை வாங்கி, தவளம் மாடுகளில் ஏற்றி இறக்கியவர்களில் நம் முன்னோரான முஸ்லிம் வியாபாரிகளும் இருந்தார்கள். 1869 இல் இலைத்துரு நோய் தென்பட்டது. 1870களின் இறுதியில் ஏறக்குறைய 275,000 ஏக்கரில் நின்ற பயிர் சில வருடங்களில் சரிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

தேயிலையோடு நம் நாவும் மாறியது. இன்று ஹத்தாத் ராத்திபு முடிந்து எங்கட ஊர்களில் கைக்கு வருவது பெரும்பாலும் தேத்தண்ணிதான். அந்த ராத்திபைத் தொகுத்த இமாம் அப்துல்லாஹ் இப்னு அலவி அல்ஹத்தாத் (1634-1720) வாழ்ந்த தரீமோ, கோப்பிச் சபையும் திக்ரும் பின்னிக் கிடந்த ஹழ்ரமௌத்தின் நகரம். ராத்திபு நம்மிடம் வந்து சேர்ந்தது. அதன் பக்கத்தில் இருந்த கோப்பை வந்து சேரவில்லை. கோப்பி நம்மிடையே விழிப்போடு ஒட்டியிருக்கும் இடம் இப்போது மரண வீடு ஒன்றுதான் போலும். ராவிராவாக விழித்திருப்பவர்களுக்கு இஞ்சி போட்டு ஊற்றிக் கொடுக்கும் வெறுங்கோப்பி, இந்த நாட்டின் எல்லாச் சமூகத்துக்கும் பொதுவான வழக்கம். யெமனிலும் கொட்டையின் தோலை இஞ்சி சேர்த்துக் காய்ச்சி ‘கிஷ்ர்’ என்று குடிக்கிறார்கள்.

எடுத்துக்கொள்ளக் கூடியது

கோப்பி குடிப்பது சுன்னத் என்றோ, 116 தடவை ஓதாவிட்டால் குறை என்றோ இங்கே யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். ஜஸீரியே அப்படிச் சொல்லவில்லை; அவர் வாதாடியது ஆகுமென்பதற்காக மட்டுமே. ஆனால் நம் காலைகளைக் கொஞ்சம் பார்ப்போம். ஸுபஹ் தொழுத கையோடு கைபேசியை எடுக்கிறோம். அடுப்படியில் உம்மா ஊற்றி வைத்தது ஆறிப்போகிறது. கடைசியில் நின்றபடியே ஒரே இழுப்பில் குடிச்சிட்டு ஓடுகிறோம். என்ன குடித்தோம் என்று பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் கோப்பியா தேத்தண்ணியா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தன் உம்மத்தின் அதிகாலைகளில் பரக்கத் வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள். அந்த நேரத்தைத்தான் நாம் இப்படிச் செலவழிக்கிறோம்.

இதற்கு வேறெங்கோ போய்ப் பயிற்சி எடுக்கத் தேவையில்லை. உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, வலது கையால், மூன்று மூச்சாகக் குடிப்பது சின்ன வயதில் மத்ரஸாவில் படித்ததுதான். யெமன் ஸூபிகள் அதோடு இன்னும் மூன்றைச் சேர்த்திருந்தார்கள்: எதற்காகக் குடிக்கிறேன் என்ற நிய்யத், சின்ன அகப்பையின் அளவு, பக்கத்தில் இருப்பவருக்கு முதலில் நீட்டுகிற பழக்கம். மூன்றாவதுதான் இன்றைய தனிமைக் கோப்பையில் முற்றாக விடுபட்டுப் போனது. நாளைக் காலை வீட்டில் கோப்பி ஊற்றும்போது முதல் கோப்பையை அதை ஊற்றியவரிடமே நீட்டிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் உம்மாவோ மனைவியோ கடைசியில், ஆறியதைத்தான் குடிக்கிறார்கள். அல்அஸ்ஹரின் அந்தச் சிவப்பு மண் பாத்திரத்தில் சூடான பங்கும் ஆறிய பங்கும் என்று இரண்டு இருக்கவில்லை.